உனக்குச் சொல்லாமல் கூட்டிய அளவு

இன்று கலஹா பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியே அந்த வாசனை வந்தது. அரைத்த தேயிலைக் கொழுந்தின் பச்சை வாடை போய்ப் பழ வாசனை எழும் நேரம். அந்த நேரத்தில் உலர்த்த அனுப்பாவிட்டால் கொழுந்து கெட்டுவிடும்.

அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கத்தானே, மூளை நரம்பைப் போலத் துடிப்புகளால் மட்டும் பேசும் கருவியைச் செய்தோம். வாசனை உணரி தரும் எண்களைத் துடிப்புகளாக மாற்றும் குறியாக்கியைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே மேசையில் இருந்து எழுதினோம். ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் குறித்த அளவைத் தாண்டினால் ஒரு துடிப்பு. அந்த அளவை மிகச் சிறிதாக வைத்தவன் நீ.

"வாசன மெல்ல மெல்லத்தான் ஏறும் மச்சான். அளவ கூட்டினா இதுக்கு ஒன்னுமே வெளங்காது."

தெல்தோட்டையில், உன் அம்மா வேலை செய்யும் தொழிற்சாலையில் செய்து காட்டும் நாள். காலையில் நான் அந்த அளவைக் கூட்டினேன். துடிப்பு குறைந்தால் பாட்டரி நிறைய நேரம் தாங்கும், வந்தவர்கள் முன் பெருமையடிக்கலாம் என்ற ஆசை. உன்னிடம் சொல்லவில்லை. கொழுந்து பக்குவம் தாண்டிக் கெட்டது. கருவி வாயே திறக்கவில்லை. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் உன்னைத்தான் பிடித்தார்.

"ஒங்கம்மா மொகத்துக்காகத்தான் உள்ள விட்டேன்."

அம்மா கதவோரம் நின்றிருந்தார். "என் பிழைதான் சேர், நான் சரியா பார்க்கல," என்றாய். நான் குனிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மாலையே பழைய அளவைத் திரும்பப் போட்டுவிட்டேன். நீயோ ஒரு வாரம் எண்களைத் தோண்டினாய். "எங்க பிழை போச்சுன்னு புடிபடல மச்சான்," என்றாய். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். மறு மாதம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. நான் கோழை, வேறென்ன சொல்ல.

கருமாதிக்கு வந்தபோது அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அவன் அவசரக்காரன் தம்பி. ஒங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டான். மனசுல வச்சிக்காதீங்க, நான் மன்னிப்புக் கேக்குறேன்."

"பரவாயில்லம்மா," என்றேன்.

அப்படித்தான் சொன்னேன், மச்சான். என் பிழைக்காக உன் அம்மா என்னிடம் கேட்ட மன்னிப்பை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.