பிள்ளைகள் பாய்

20.9.87, ஞாயிறு.

இட ஒதுக்கீடு கேட்டு நடக்கும் மறியலால் பஸ் ஓடவில்லை. ரோடெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆராதனைக்குப் பாதிப் பேர்தான். நைனார்பாளையத்து மேரி மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாள்.

பிரசங்கம் தொடங்கியதும் சிறு பிள்ளைகளை அவர்கள் அம்மா, அப்பாவிடமிருந்து பிரித்து, முன்னால் விரித்த பாயில் உட்கார வைப்பது என் வேலை. சத்தம் வரக் கூடாது. என் மகளையே ஆலயத்தில் என்னை டீச்சர் என்று கூப்பிடத்தான் பழக்கியிருக்கிறேன்.

வழக்கம்போல மேரி மடியிலிருந்தும் பையனை இழுத்தேன். ஆலயமே அதிரும்படி கத்தினான்.

"வுட்டுடுங்க டீச்சர். முந்தாநாள் இவன் அப்பாவைக் கட்டிப் புடிச்சிகினு இருந்தான். மறியலுக்குப் போனாருன்னு போலீசு இவன் கையைப் பிரிச்சிட்டுத்தான் அவரை இட்டுகினு போனாங்க."

என் கை தானாக விட்டது.

போதகர் பிரசங்கத்தை நிறுத்தினார். "பிள்ளைங்க எல்லாம் அவங்கவங்க அம்மா, அப்பாகிட்ட போங்க."

பாய் காலியானது. எனக்குக் கோபம்தான் வந்தது.

என் மகள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கைகளைக் கட்டியபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், நான் யாருகிட்ட போவணும்?"