இல்லாத ஷட்டர்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
மார்ச் 14

அன்புள்ள தம்பி விமல்ராஜுக்கு,

நஜீமா அக்கா எழுதுகிறேன். நீயும் உன் அறையில் உன்னோடு தங்கியிருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே உன் ஹிதாயத்துல்லா பாய் எழுந்து நடமாடுகிறார், சாப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார். நான் வழக்கம்போல் காலையில் லாஸ்பேட்டைக்குப் போய்க் கல்லூரி நூலகத்தைத் திறந்து, மாலையில் பூட்டிவிட்டு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் உப்பளம் போய் அன்புசெல்வியையும் உன் மகளையும் பார்த்தோம். குழந்தைக்குத் தலை நிற்க ஆரம்பித்திருக்கிறது. யார் பேசினாலும் அந்தப் பக்கம் திரும்புகிறாள். அன்புசெல்வி சற்று இளைத்திருக்கிறாள், ஆனால் சோர்வில்லை. நாங்கள் இருந்த நேரம் முழுவதும் உன் பாய் வலது கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார். மூன்று மாதக் குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது என்று திரும்பி வரும்போது கேட்டேன். "கொழந்தைக்குத் தெரியாது. அன்புசெல்விக்குத் தெரியும்ல" என்றார்.

உங்கள் தெரு மதிவாணன் வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறானாம். அவனிடம் உனக்கு நெத்திலிக் கருவாடு கொடுத்து அனுப்பப்போவதாக அன்புசெல்வி சொன்னாள். அந்தப் பொட்டலத்தோடு இதையும் வைக்கச் சொல்லப்போகிறேன். வாசம் அடித்தால் மன்னித்துக்கொள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய நான்கு செய்திகளையும் நீ படித்துவிட்டாய் என்று போன் காட்டுகிறது. பதில் வரவில்லை. கோபமில்லை. பதில் எழுத முடியாத செய்திகளை நானும் படித்திருக்கிறேன். காகிதத்தில் எழுதினால் நீ தனியாக உட்கார்ந்து படிக்கலாம்.

போன ஆடி மாதம் நர்சிங் ஹோமில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஏழெட்டு மாதமாக அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்லக் கேட்டுவிட்டேன். அட்டைப்பெட்டி வெட்டும் பிரஸ்ஸில் அவர் கை மாட்டியபோது சுவிட்சை அணைத்து வெளியே எடுத்தவன் நீ. அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தவனும் நீ. உன் சட்டையில் அவர் ரத்தம் இருந்தது. நான் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தபோது ஹாதி எனக்கு முன்பே வந்திருந்தான். ஹாதி வெறும் லேபர் காண்ட்ராக்டராக இருந்திருந்தால் அவன் சொன்னதை நான் கேட்டிருக்கமாட்டேன். என் நாத்தனார் மகன். மில் மூடிய பிறகு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த தாய்மாமனைத் தன் ஆட்களோடு சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பியவன். "கம்பெனின்னு எழுதினா போலீஸ் கேஸாயிடும் மாமி. அவங்க வந்து விசாரிக்காம டாக்டர் கைய தொடமாட்டாரு. மொதல்ல வைத்தியம் ஆவட்டும், மத்தத அப்பறம் பேசிக்கலாம்" என்றான்.

நர்ஸ் படிவத்தை நீட்டினாள். எங்கே, எப்படி அடிபட்டது என்று ஒரு கட்டம். ஹாதி சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "வீட்டுக்குக் கீழே உள்ள கடையின் ஷட்டரை இறக்கும்போது வலது கை சிக்கியது." கீழே கையெழுத்துப் போட்டேன். நான் எதையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் அல்ல. அன்றும் இரண்டு முறை படித்தேன். நீ என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "அக்கா, ஷட்டரா?" என்று மட்டும் கேட்டாய். ஹாதி உன்னைத் திரும்பிப் பார்த்தான். நீ தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போய்விட்டாய்.

எங்கள் வீட்டுக்குக் கீழே கடை இல்லை. ஷட்டரும் இல்லை. உனக்குத் தெரியும், நீ வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறாய்.

ஹாதியை மோசமானவன் என்று எழுதினால் அதுவும் சரியாக இருக்காது. நர்சிங் ஹோம் செலவு முழுவதும் அவன்தான் கட்டினான். இரண்டு மாதம் வீட்டுக்குச் சாமான் வந்தது, ஆப்பிள் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்தது. மூன்றாம் மாதம் அவனிடம், உன் மாமா கம்பெனியில் வேலை செய்ததற்கு ஒரு கடிதம் வாங்கிக் கொடு, சட்டப்படி இழப்பீடு கேட்கலாம் என்று சொன்னேன். அத்தோடு எல்லாம் நின்றது. "மாமி, நாளைக்கே என் ஆளுங்கள உள்ள வுடமாட்டான். நாப்பது குடும்பம் மாமி" என்றான். அந்த நாற்பதும் பொய்யில்லை. இப்போது நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. இந்தப் பெருநாளைக்கும் வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சட்டத்தை நான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். வேலை செய்யும்போது, வேலை காரணமாக அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். காண்ட்ராக்டரின் ஆளாக இருந்தாலும், கம்பெனியையே கேட்கலாம். இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். பின்னால் ஒரு அட்டவணை இருக்கிறது. உடம்பின் எந்தப் பாகம் போனால் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனதாகக் கணக்கு என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அவருக்குப் போனதுபோல் ஒரு கையின் மூன்று விரல்களுக்கு முப்பது சதவீதம். வீட்டுக்கு வந்து சொன்னேன். "முப்பது பர்சன்டா? ஆடித் தள்ளுபடியிலயே அம்பது குடுக்குறான்" என்று சிரித்தார். அவர் இப்படிச் சிரிக்கும்போது நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

படிக்கும்போது சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. மனுப் போட்ட பிறகுதான் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. அவருக்கு அடையாள அட்டை கிடையாது. இ.எஸ்.ஐ. கிடையாது. வருகை எல்லாம் ஹாதியின் நோட்டில். அந்த நோட்டு தொலைந்துவிட்டதாம். எங்களிடம் இருக்கும் ஒரே எழுத்து, அவர் வேலையில் அடிபடவில்லை என்று சொல்லும் என்னுடைய எழுத்து.

மனுவில் கையெழுத்துப் போடுவதிலும் ஒரு சங்கடம். இடது கையால் போட்டார். பான் கார்டோடும் பாங்க் கையெழுத்தோடும் ஒத்துப்போகவில்லை. தொழிலாளர் அலுவலக கிளார்க் மரியாதையாகவே, "ரேகை வச்சிடுங்க பாய், பிரச்சின இல்ல" என்றார். இவர் இடது கட்டைவிரலை மையில் வைத்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில்தான், "இருபத்தேழு வருஷம் மில்லுல கையெழுத்துப் போட்டு சம்பளம் வாங்கினேன்" என்றார்.

ஜனவரியில் கம்பெனியின் பதில் வந்தது. முதல் பத்தியில், ஹிதாயத்துல்லா என்று ஒருவர் எங்களிடம் வேலை செய்யவே இல்லை, வீட்டு ஷட்டரில் அடிபட்டதாக அவர் மனைவியே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று இருக்கிறது. நான்காம் பத்தியில், அப்படியே வேலை செய்திருந்தாலும், மெஷினின் தடுப்புக் கம்பியை அவரே வேண்டுமென்று கட்டிவைத்துவிட்டு வேலை செய்தார், அதனால் எதுவும் தர வேண்டியதில்லை என்று இருக்கிறது. ஆள் வரவே இல்லையாம். வந்த ஆள் தடுப்பைக் கட்டினாராம். எங்கள் வக்கீல் சுடர்விழி முன்பு எங்கள் கல்லூரியில் படித்த பெண். அவளிடம் இது எப்படிச் செல்லும் என்று கேட்டேன். "எல்லாரும் இப்டித்தான் எழுதுவாங்க மேடம். ரெண்டுல ஒண்ணு நின்னா அவங்களுக்குப் போதும்" என்றாள். தொழிலாளி தானே தெரிந்து பாதுகாப்புத் தடுப்பை அகற்றினால் இழப்பீடு மறுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருப்பது உண்மைதான். நானும் பார்த்தேன். அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

நர்சிங் ஹோமில் எழுதியது பொய் என்று நான் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் பெரிய பயன் இல்லை என்றும் சுடர்விழியே சொல்லிவிட்டாள். அன்று எழுதியது பொய் என்றால் இன்று எழுதுவது மட்டும் எப்படி உண்மை என்று கேட்பார்களாம். நியாயமான கேள்வி. வீட்டு உரிமையாளரிடம் இங்கே ஷட்டர் கிடையாது என்று எழுதி வாங்கலாம். அது நான் பொய் சொன்னதை நிரூபிக்கும். அவர் எங்கே அடிபட்டார் என்பதை நிரூபிக்காது.

அந்தத் தடுப்புக் கம்பியைப் பற்றி அவரிடம் கேட்டேன். கை பட்டால் மெஷினை நிறுத்துவதற்காக வைத்தது அது; ஆனால் அட்டை பட்டாலும் நின்றுவிடும், வேலை ஓடாது, அதனால் கட்டுக்கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள், சூப்பர்வைசர் கோவிந்தசாமியே கட்டச் சொல்வார் என்றார். அன்றைக்கு யார் கட்டியது என்று கேட்டேன். "நான் போறப்பவே கட்டித்தான் இருந்துச்சி" என்றார். யார் என்று மறுபடியும் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைய இதுல இழுக்காத. பொண்டாட்டி மாசமா இருந்தா. சூப்பர்வைசர் சொன்னா அவன் என்ன பண்ணுவான்" என்றார். நான் உன் பெயரைச் சொல்லியிருக்கவே இல்லை, தம்பி.

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, சுடர்விழியிடமும் சொல்லவில்லை. கேட்டால் தெரியாது என்கிறார். நானும் இதுவரை சொல்லவில்லை.

நீ கம்பெனி ரோலில் இருந்தவன், காண்ட்ராக்ட் ஆள் அல்ல. அன்றைய ஷிப்டில் உன் பெயர் அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கும். அவர் அங்கே நின்று வேலை செய்ததையும், அவர் வருவதற்கு முன்பே தடுப்பு கட்டப்பட்டிருந்ததையும், யார் சொல்லிக் கட்டப்பட்டது என்பதையும் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான். ஏப்ரல் இருபத்தொன்று விசாரணை. அதற்குள் எழுத்தில் ஏதாவது வந்தால், உன்னை அங்கிருந்தே வீடியோவில் விசாரிக்கும்படி கேட்டுப்பார்ப்பதாகச் சுடர்விழி சொல்கிறாள். கேட்டுப்பார்க்கலாம் என்றுதான் சொன்னாள், கிடைக்கும் என்று சொல்லவில்லை.

உன் விசாவுக்கு ஹாதி ஏற்பாடு செய்தான் என்று அன்புசெல்வி சாதாரணமாகச் சொன்னாள். அவன் எந்த மாதம் ஏற்பாடு செய்தான் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. அந்த வேலையை நம்பி அங்கே நீயும் இங்கே இரண்டு பேரும் இருக்கிறீர்கள். உனக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் ஆகாது என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.

இதனோடு ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். என்ன எழுத வேண்டும் என்று மாதிரி எழுதி அனுப்பச் சொன்னாள் சுடர்விழி. நான் எழுதவில்லை. ஒருவர் சொல்ல ஒருவர் எழுதியது ஒரு முறை போதும். நீ பார்த்ததை உன் வார்த்தையில் எழுது. எழுத முடியாவிட்டால் தாளை அப்படியே மதிவாணனிடம் திருப்பிக் கொடுத்துவிடு, அடுத்த முறை வரும்போது அவன் கொண்டுவரட்டும். அது வெறுமையாக வந்தாலும் நாங்கள் உப்பளம் வருவோம், குழந்தையைப் பார்ப்போம். அதில் மாற்றமில்லை.

இந்தக் கடைசித் தாளின் அடியில் முதலில் எழுதியவர் அவர். யாருக்குக் கடிதம் என்று கேட்டார். விமல்ராஜுக்கு, குழந்தையைப் பார்த்து வந்ததைப் பற்றி என்றேன். என்னிடமும் குடு என்று வாங்கி, இடது கையால் எழுதினார். இரண்டு வரிக்குக் கால்மணி நேரம் ஆனது. மற்றத் தாள்களை அவர் பார்க்கவில்லை. அவர் எழுதியதற்கு மேலே மிச்சமிருந்த இடத்தில் இதை இப்போது நான் எழுதுகிறேன். உன் மனத்தை இளக்குவதற்காக இதை அனுப்பவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் போன ஆடியில் ஒரு பொய் எழுதிவிட்டேன், இன்னொன்று வேண்டாம்.

இறைவன் உன்னையும் உன் குடும்பத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
நஜீமா

விமலு, பாப்பா உன் ஜாட. நல்லா இருக்கா.
மெஷின் வேலைன்னா கைய பாத்து செய்யி.
ஹிதாயத்துல்லா