டேக்கல்ல போன அரைப் புருவம்

கோரமண்டல்,
புதன்கிழமை

என் கண்ணு பவ்யாவுக்கு அம்மா ஆசையா எழுதறது. இங்க நானும் அப்பாவும் உன் அண்ணன் ரூபேஷும் சுகம், அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்ல. நீ அங்க வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிர்ல உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும்னு மாரியாத்தா கிட்ட தெனம் சொல்லிட்டுத்தான் வேலைக்கு ரயில் வண்டி ஏறறேன். போன் இருக்கும்போது இன்னாத்துக்கு இந்தம்மா காயிதம் எழுதுதுன்னு நினைப்ப. போன்ல நான் முடின்னு வாயைத் திறந்தாலே நீ டூட்டி இருக்குதும்மான்னு கட் பண்ணிடற. காயிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழிச்சாத்தான் உண்டு, கிழிக்கறதுக்கு முன்னாடி எப்படியும் படிச்சிருப்ப. உன் ஆஸ்பத்திரி சினேகிதி ஐடா லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை கிளம்பறா, அவ கிட்ட ஊறுகாயோட இதையும் குடுத்து அனுப்பறேன். அவளுக்கு உன் விஷயம் தெரியுமா தெரியாதான்னு நான் கேக்கல, கவரை ஒட்டித்தான் குடுக்கறேன்.

தீபாவளி அன்னிக்கு நீ போன்ல சொன்னதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. தலையில மூணு இடத்துல வட்ட வட்டமா முடி கொட்டிப்போச்சு, ஒண்ணு உள்ளங்கை அகலம் இருக்குது, அதனால தை மாசம் ரூபேஷ் கல்யாணத்துக்கு நான் வரல, அப்பா கிட்ட லீவு கிடைக்கலன்னு சொல்லிடுன்னு சொன்ன. அதுக்கு நான் இன்னா பதில் சொன்னேன், எண்ணெய் வெக்காம ஷாம்பூ ஷாம்பூன்னு போட்டா கொட்டாம இன்னா பண்ணும், புழுவெட்டு அது, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ன்னேன். நீ மூக்கை உறிஞ்சிட்டு சரிம்மா வெச்சிடறேன்னுட்ட. பெத்த பொண்ணு அழுவற நேரத்துல வெங்காயம் பேசின வாய் இது. தப்புதான் கண்ணு, மன்னிச்சுடு, அம்மாவுக்கு ஒண்ணும் தெரியல.

தெரியலன்னா தெரிஞ்சுக்கணும் இல்ல. ராபர்ட்சன்பேட்டையில தோல் டாக்டரம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க, தீபாவளிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையே டோக்கன் போட்டுப் போனேன். உன் பேரைச் சொல்லல, எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுன்னு சொன்னேன். புழு எங்க இருந்து வருது, கண்ணுக்குத் தெரியுமா, தலகாணி உறையை வென்னீர்ல போடணுமான்னு நான் கேட்ட கேள்வியில அந்தம்மா சிரிச்சுட்டாங்க. புழுவே இல்லையாம் பவ்யா! நம்ம உடம்புல காவலுக்கு இருக்கறதே முடி வேரைப் பகையாளின்னு நினைச்சுத் துரத்துதாம். எனக்கு உடனே உங்க அப்பா நினைப்புதான் வந்துச்சு, ஃபேக்டரியில ரிட்டயர் ஆயிட்டு அபார்ட்மெண்ட்ல செக்யூரிட்டி வேலைக்குப் போன மொத வாரம் பில்டிங் ஓனரையே கேட்டுல நிறுத்தி யாருய்யா நீன்னு கேட்டாரே, அந்த மாதிரிதான் போல. எண்ணெய் வெக்காததால வரல, ஷாம்பூவால வரல, யார் கண்ணும் படல, ஒட்டிக்கவும் ஒட்டிக்காதுன்னாங்க. நிறைய பேருக்குத் தானா திரும்ப முளைக்கும், எப்போன்னு சொல்ல முடியாது, தைராய்டு மட்டும் ஒரு தடவை பாத்துடச் சொல்லுங்கன்னாங்க. வெங்காயம் தேய்க்கலாமான்னு கேட்டேன், எரியும்னாங்க. இதெல்லாம் நர்ஸ் உனக்குத் தெரியாததா, ஆனா எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு உனக்குத் தெரியணும் இல்ல.

அப்புறம் நீ ஐடா கிட்ட குடுத்தனுப்பின பை கதையைக் கேளு. அந்த சொட்டு மருந்து மூடி போட்ட பாட்டிலை நான் தலை எண்ணெய்னு நினைச்சு மூணு நாள் வகிட்டுல விட்டுக்கிட்டேன், மூஞ்சிக்குப் போடறது ஆண்ட்டின்னு ஐடா வந்து சொன்னப்பதான் தெரியும். வகிடு பளபளன்னு ஆனதுதான் மிச்சம். வெயில் கிரீமை வண்டிக்கு எடுத்துனு போனேன், லேடீஸ் பெட்டியே பிச்சு எடுத்துச்சு. கூட வர்ற விமலா அதுல கஸ்தூரி மஞ்சளைக் கொழைச்சுப் பூசி வெளுப்பும் மஞ்சளுமா மாலூர்ல இறங்கிப் போனா, அவ ஆபீசுல எல்லாம் காமாலையான்னு கேட்டாங்களாம். எனக்கு இந்த வயசுல இதெல்லாம் ஒரு ருசியா இருக்குது கண்ணு. ராத்திரி பூசிட்டு காலையில கன்னத்தைத் தொட்டுப் பாக்கறேன், நேத்தை விட மெத்துன்னு இருக்குதா இல்லையான்னு. இருக்கற மாதிரிதான் தோணுது.

எங்க பெட்டியில இசபெல்லான்னு ஒரு பொண்ணு வருதே, ஒய்ட்ஃபீல்டு பார்லர்ல வேலை, நீ கூட ஒரு தடவை பாத்திருக்க. அதுதான் எங்க எல்லாருக்கும் புருவம் எடுக்கற ஆளு. ஓடற வண்டியில நூல் எடுக்காது. டேக்கல் ஸ்டேஷன்ல எக்ஸ்பிரஸுக்கு வழி விடறதுக்கு நம்ம வண்டியை ஒதுக்கி நிறுத்துவாங்க இல்ல, அந்தப் பத்து நிமிஷத்துல ரெண்டு பேருக்குப் போட்டுடும். கதவுகிட்ட ஒருத்தர் நின்னு சிக்னலைப் பாத்துக்கணும், பச்சை விழுந்தா பச்சைன்னு கத்தணும், உடனே இசபெல்லா நூலை எடுத்துடும். எப்பவும் கத்தறது நான்தான், எனக்குத்தான் தொண்டை. போன வாரம் வெள்ளிக்கிழமை, ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம் ஆச்சே, எனக்கும் போட்டுவிடுன்னு முதல் தடவையா நான் உக்காந்தேன். விமலாவைக் கதவுல நிறுத்தினேன். அவளுக்கு நேரம் பாத்து வீட்டுக்காரர் போன் பண்ணி சிலிண்டர் எப்படி மாத்தறதுன்னு கேட்டிருக்காரு. இடது பக்கம் அருமையா முடிஞ்சுடுச்சு, வலது பக்கம் பாதியில வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சு பாரு, சுர்ர்ருன்னு ஒரு இழுப்பு. கண்ணாடியைக் குடுங்கடின்னா ஒருத்தியும் குடுக்க மாட்டேங்கறா. வாங்கிப் பாத்தா வலது புருவத்துல வால் பக்கம் பாதி காணோம், வழிச்சு எடுத்த மாதிரி! இசபெல்லா அழுதே அழுதுடுச்சு, அதைத் தேத்தறதே எனக்குப் பெரும்பாடா போச்சு. நான் வேலை பண்ற கார்மெண்ட்ஸ்ல சூப்பர்வைசர் பையன் ஏனாய்த்து ஆண்ட்டி, இன்னா ஆச்சுன்னு கன்னடத்துல கேட்டான், ஏனும் ஆகலப்பான்னு சொல்லிட்டு முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டேன்.

இப்ப நான் சொல்லப்போறதை நல்லா கேளு. அந்த ரெண்டு நாள் என் கை சும்மாவே இல்ல, நெத்திக்குப் போவுது, போவுது, போவுது. கடைக்குப் போனா வலது பக்கம் செவுரு இருக்கற மாதிரி பாத்து நிக்கறேன். எதிர்ல வர்றவங்க கண்ணைப் பாக்கறதில்ல, அவங்க கண்ணு என் மூஞ்சில எங்க போவுதுன்னுதான் பாக்கறேன். அரைப் புருவத்துக்கே எனக்கு இந்தப் பாடு. நீ மூணு மாசமா தொப்பியோட வீடியோல வந்து, குளிரும்மா குளிரும்மான்னு சிரிச்சுட்டே பேசினியே, வீட்டுக்குள்ள ஹீட்டர் பக்கத்துல உக்காந்துகிட்டு. எனக்கு அது ஏன் அப்பவே உறைக்கல. டேக்கல்ல புருவம் போனப்ப வராத அழுகை மறுநாள் வாசல் பெருக்கறப்ப வந்துச்சு.

நிச்சயத்துக்கு மைசூர் மைன்ஸ்ல பொண்ணு வீட்டுக்குப் போனோம். கல்யாணப் பொண்ணு சுனிதா பாத்தவுடனே கண்டுபிடிச்சுட்டா, ஆனா சபையில வாயைத் திறக்கல, அத்தே ஒரு நிமிஷம் உள்ள வாங்கன்னு கூட்டினு போய் உக்கார வெச்சு, மை பென்சிலை எடுத்து வரைஞ்சுவிட்டா. அதோட விடல, நாப்பது வருஷமா நேர் வகிடு எடுக்கற தலையில பக்க வகிடு எடுத்து, முன்முடியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் இறக்கிவிட்டா. கண்ணாடியில பாத்தா யாரோ ஒரு பொம்பளை, பேங்க்குல வேலை பண்றவ மாதிரி! அப்பா மூணு தடவை திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, இன்னா யாரோ மாதிரி கீறேன்னாரு. பஸ் ஏறறப்ப மெதுவா, இதே இருக்கட்டும் நல்லா கீதுன்னாரு. இன்னும் அந்த வகிடுதான் எடுக்கறேன். யாரும் பாக்கலன்னு உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், நம்ம ஜனம் பாக்காம விடுமா. மூணு பேர் நேராவே கேட்டாங்க, உன் பெரிய அத்தை வாயைப் பொத்திச் சிரிச்சா. அப்புறம் பந்தி போட்டாங்க, கூட்டம் பாயசத்துக்கு ஓடிப்போச்சு.

சுனிதா புருவம் வரையும்போது ஒண்ணு கேட்டா, அதுதான் எனக்கு இங்க குத்திக்கிட்டே இருக்குது. பவ்யா அண்ணி நிஜமாவே வரமாட்டாங்களா அத்தே, அப்ப நாத்தனார் முடிச்சு யார் போடுவாங்கன்னா. மொத முடிச்சு ரூபேஷ் போடுவான், மீதி ரெண்டும் கூடப்பொறந்தவ தானே போடணும், ரூபேஷுக்கு நீ ஒருத்திதான். பெரிய அத்தை பொண்ணைப் போடச் சொல்லலாம்னு அப்பா ஒப்புக்குச் சொன்னாரு, ரூபேஷ் வேணாம்னு ஒத்தை வார்த்தையில எழுந்து போயிட்டான். நீ எதுக்கு பயப்படறன்னு எனக்குத் தெரியும். அந்த நேரம் பொண்ணு பின்னாடி குனிஞ்சு நிக்கணும், மொத்த மண்டபமும் கேமராவும் உன் தலையைத்தான் பாக்கும்.

அதனால நேத்து வேலை விட்டு இசபெல்லா பார்லருக்குப் போனேன், அங்க டோப்பா முடி விக்கறாங்கன்னு சொல்லிச்சே, எப்படித்தான் இருக்குதுன்னு பாக்க. எடுத்துத் தலையில வெச்சும் பாத்தேன். தோள் வரைக்கும் சுருட்டை, நிஜ முடியாம், கோயில்ல மொட்டை போட்டதுன்னுச்சு. நம்ம வீட்டுல இருந்தே எத்தனை தலை திருப்பதியில குடுத்திருக்கோம், அதுல ஒண்ணுதான் சுத்திட்டு என் தலைக்கே வந்துச்சோ இன்னாமோன்னு நினைச்சேன். ஆனா உள்ள கச கசன்னு வேர்க்குது கண்ணு, தை மாசம்னாலும் மண்டபத்துல லைட் சூடு தாங்காது. ஒரு நல்ல பட்டுத் துணியைத் தலையில கட்டிப் பூ வெச்சா அழகா இருக்கும்னு இசபெல்லா கட்டியே காட்டுச்சு. யாருக்குன்னு அது கேக்கல, நானும் சொல்லல. டோப்பாவோ துணியோ, ஒண்ணுமே இல்லாமயோ, உனக்கு எது சவுகரியமோ அது. நான் பக்கத்துல நிப்பேன், யாராவது கேட்டா உடம்புக்கு வந்தது, போயிடும்னு நான் சொல்லிக்கறேன், எனக்குத் தொண்டைக்கு இன்னா குறை.

அப்பாவை நினைச்சாதான் பாவமா இருக்குது. லீவு கிடைக்கலன்னு நான் சொன்ன பொய்யை நம்பி, உன் ஆஸ்பத்திரி மேட்ரனுக்கு இங்கிலீஷ்ல ஒரு காயிதம் எழுதியிருக்காரு, ரெஸ்பெக்டட் மேடம்னு ஆரம்பிச்சு, என் மகள் நேர்மையானவள், அண்ணன் கல்யாணம் ஒரு தடவைதான் வரும், பதினைஞ்சு நாள் தயவு பண்ணுங்கன்னு. ரெண்டு தடவை நல்ல பேப்பர்ல திருத்தி எழுதி, ஐடா கையில நேரா குடுக்கச் சொல்லியிருக்காரு. நான் வாங்கி இதுக்குள்ளயே வெச்சுட்டேன், மேட்ரனுக்குக் குடுத்துத் தொலைக்காத. ஆனா நீயாவது படி. அவர் கிட்ட இன்னும் எவ்வளவு நாள் பொய் சொல்றது, உன் வாயால சொல்லிடு, இல்லன்னா என்னைச் சொல்ல விடு.

நீ வரணும்னுதான் எனக்கு ஆசை, மறைக்கல. வரலன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன் பவ்யா, தொப்பியைக் கழட்டி உன் தலையை ஒரு போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. உனக்குப் பதினோரு மாசத்துல மொட்டை போட்டப்ப கடைசியா அந்தத் தலையை நான் முழுசா பாத்தது. உச்சியில ரெட்டைச் சுழி இருந்துச்சு, மடியில போட்டு விரலால சுத்திச் சுத்திப் பாத்துட்டே இருப்பேன், அப்புறம் முடி வளந்து மூடிடுச்சு. அந்தச் சுழி இப்பத் தெரியுதான்னு எனக்குப் பாக்கணும். அழகா இருக்குதா அசிங்கமா இருக்குதான்னு பாக்க இல்ல கண்ணு, நான் பெத்த தலை, எப்படி இருக்குதுன்னு பாக்க.

தைராய்டு டெஸ்ட்டை மறக்காத. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், மாரியாத்தா உன் கூடவே இருப்பா. போட்டோ எந்நேரம் அனுப்பினாலும் சரி, போனைத் தலமாட்டுலதான் வெச்சிருக்கேன்.

உன்னைப் பெத்த அம்மா,
குணசுந்தரி சின்னசாமி