சரளமாகப் படிக்கிற பிள்ளை

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மருமகளும் குட்டிப்பயலும் சுகமாக இருப்பதாக நானே எடுத்துக்கொள்கிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ள நீ போனை எடுத்தால்தானே. பதினேழு நாள் ஆகிறது. அதனால்தான் கடிதம். இதைக் கிழிப்பதென்றால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

அன்று குட்டி போனில் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் படித்துக் காட்டினான். ஏழு வயதில் அப்படியொரு வேகம், மருமகள் கைதட்டினாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், படகு ஏன் மிதக்குதுன்னு அதில் போட்டிருக்கு என்று. மறுபடி கேட்டேன், கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டிருப்பேன். நீ போனைப் பிடுங்கி, ஏம்பா, இப்ப அவனையும் ஆரம்பிச்சிட்டீங்களா, என்னைப் பண்ணினது பத்தாதா என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்த 'அவனையும்' என்ற ஒரு சொல்லுக்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் நாற்காலி எனக்கு வர வேண்டியது. என்னைவிடப் பதினொரு வயது இளைய ஒரு அம்மாவுக்குக் கொடுத்தார்கள். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பதாகவும் இல்லை. பெரிய வகுப்பிலிருந்து என்னை இரண்டாம் வகுப்புக்கு இறக்கியதும் அவள்தான். போன மாதம் வாசிப்புத் தேர்வு. வழக்கம்போல் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன், நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ண. அவள் உள்ளே வந்து அதை எடுத்து என் கையிலேயே கொடுத்து, என்ன சார், டிரெயினுக்கு நேரமாச்சா என்றாள். பிள்ளைகள் சிரித்தன. பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். அதில் ஆறே வரி. மண்புழுவுக்குக் கண் இல்லை, அதன் தோல் வெளிச்சத்தை உணரும், வெளிச்சம் பட்டால் மண்ணுக்குள் போய்விடும், இந்த மாதிரி. கதையும் இல்லை, பாட்டும் இல்லை. இதுல நீதி எங்கம்மா இருக்கு என்று கேட்டேன். நீதி எதுக்கு சார், அதான் புழு இருக்கே என்றாள்.

வகுப்பில் முதலில் வரும் பையன் மணி அடித்தாற்போல் படித்தான். கண்ணே இல்லையே, வெளிச்சம் வந்தது அதுக்கு எப்படிடா தெரியும் என்று அவள் கேட்டாள். விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது. அவன் தாளைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், பிறகு முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தான், இன்னும் சத்தமாக. நல்ல பெயர் வாங்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கடைசி பெஞ்சில் எழுத்தெழுத்தாக ஊர்ந்து படிக்கும் ஒரு பெண், நத்தை என்று அவளுக்குப் பெயர் வைத்ததே நான்தான், கையைத் தூக்கி, தோலு சொல்லிடும் டீச்சர், நான் கண்ணை மூடிக்கிட்டாலும் வெயிலு முகத்துல சுடுதே என்றாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

நீயும் ஒருநாள் அந்தப் பையனைப் போலத்தான் செய்தாய். நாலாம் வகுப்பில், ஆண்டுவிழா மேடையில், மழையைப் பற்றிய பாடத்தைத் தடங்கலில்லாமல் படித்தாய். நான் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்திருந்த விருந்தாளி, மேகம் எதுலேர்ந்து உண்டாகுது தம்பி என்று கேட்டதும் நீ முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து உன்னைச் சுவரைப் பார்க்க நிற்கவைத்து, கிளிப்பிள்ளை, வாய் இருக்கிற அளவுக்கு மண்டையில ஒண்ணுமில்ல என்று சொன்னேன். திமிரு இல்லைங்க, அவனுக்குப் புரியலைங்க என்று உன் அம்மா சொன்னாள். நீ எத்தனை வகுப்பு படிச்சே என்று அவள் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு நீ ஒரு புத்தகத்தையும் நீயாக எடுத்ததில்லை. படிப்பு ஏறலை என்று ஊரெல்லாம் சொன்னேன். படித்ததில் என்ன இருக்கிறது என்று உன்னிடம் உட்கார்ந்து பேச எனக்குத்தான் தோன்றவில்லை. அவள் சொன்னது சரி என்று இன்று ஒப்புக்கொள்ளலாம், கேட்க அவள் இல்லை. அவள் சாவுக்கு நீ வந்து சேராததும் என் மனதில் முள்ளாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் குட்டியை விட்டுவிடாதே. கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாதே. எறும்பு, பூட்டு, ஐஸ் ஏன் உருகுகிறது, இப்படி நிஜமான விஷயமாக நாலு வரி கொடு. படிக்கும் முன்னால் அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள். படித்த பிறகு அவன் சொந்தப் பேச்சில் சொல்லட்டும், தப்பாகவே சொல்லட்டும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் இருபது வரை எண்ணு. நான் ஒருநாளும் மூன்றைத் தாண்டியதில்லை.

அவனுக்காக நானே ஒன்று எழுதலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். 'உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அது கப்பலிலிருந்து பெரிய பெட்டிகளை இறக்கும்.' அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஏணியில் ஏறுவாயா, லிஃப்ட் உண்டா? மேலே இருந்து பார்த்தால் கீழே நிற்கிற ஆள் தெரிவானா? துணைக்கு யாராவது உண்டா, தனியாகவா? பன்னிரண்டு வருஷமாக அந்த வேலை செய்கிறாய், ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், மிச்ச வரிகளுக்கு இடம் விட்டு. நீயே எழுதி அவனைப் படிக்கவை. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

மருமகளுக்கும் குட்டிக்கும் என் ஆசிகள். உனக்கும்தான், வேண்டாம் என்று நீ சொன்னாலும். மற்ற வரிகளை மெதுவாக எழுது. பலமாகக் காற்று அடிக்கும்போது உன்னைக் கீழே இறக்கிவிடுவார்களா என்பதை மட்டும் உடனே எழுது.

உன் அப்பா