அறுபத்துமூன்று நாள் மறைத்தது

14.3.2019, வியாழன், காலை 7.40
கடிதம் எண் 31: உன் மார்புக் கட்டி குறித்து

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் நலத்தை இனி மருத்துவர் சொன்னால்தான் நம்புவேன்.

தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து ஆராய்ச்சியில் தேதி சரிபார்ப்பவன் நான். நேற்று ஓர் அம்மாளுக்கு நோய் பரவிவிட்டதால் ஆராய்ச்சியில் இடமில்லை என்றார்கள். "பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்துட்டேன் சார்" என்றார். மறுப்புத் தாளில் தேதியிட்டவன் நானே.

அறைக்கு வந்தால் உன் கடிதம். ஜனவரி 10 அன்றே கட்டி தென்பட்டதாம், "நீங்க வந்ததும் பாத்துக்கலாம்" என்கிறாய்! இன்றோடு அறுபத்துமூன்று நாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்து வை. இங்கே ஊசியில் நூல் கோத்துத் தரவும் ஆளில்லை. தபால் நேரமாகிறது.

இணைப்பு:
1. 25.3.2019, திங்கள் காலை 9 மணிக்கு மருத்துவரைப் பார்க்க உனக்கு வாங்கிய முன்பதிவுச் சீட்டு.
2. 24ஆம் தேதி முதல் என் விடுப்பு விண்ணப்பத்தின் நகல். காரணம்: மனைவி தனியாகப் போகமாட்டாள்.