ஏணைக்காகக் கழற்றின மர ஆணி

ஹம், 14.11.2004

பிள்ளையின்ரை அம்மாவுக்கு,

சனிக்கிழமை ஸ்டுட்கார்ட்டிலையிருந்து வெளிக்கிடாதையும். இன்னும் ஒரு மாசம் பிள்ளையோடை உம்மடை அக்கா வீட்டிலையே நில்லும். இஞ்சை சரியான குளிர். போனிலை சொன்னால் கேள்வி கேப்பீர், அதுதான் எழுதுறன்.

பழைய கட்டடங்களைக் காக்கிற அலுவலகத்திலையிருந்து ஒரு மனுசன் வந்து எங்கடை வீட்டைப் பாத்தவர். உத்தரத்திலை சின்னனாத் துளைச்சு, வளையம் எண்ணி, 1486இலை வெட்டின ஓக் மரம் எண்டார். முந்தி ஏதோ சண்டையிலை படைகள் வைச்ச நெருப்பின்ரை கரியையும் காட்டினார். வீடு முழுக்க ஒரு இரும்பாணி இல்லையாம். மர ஆணியள்தான் ஐந்நூறு வருசமாத் தாங்குதாம். பிறகு நடு அறையிலை அண்ணாந்து பாத்து, "இதிலை இருந்த ஆணி எங்கை?" எண்டு கேட்டார்.

பிள்ளைக்கு எண்டு கட்டின சீலை ஏணைக்குப் பக்கத்திலை நிண்டுகொண்டு, தெரியாது எண்டு சொன்னன்.

நான்தான் கழற்றினனான். ஏணைக் கயிறு கோக்க ஒரு ஓட்டை வேணும். புதுசாத் துளைக்கச் சட்டம் விடாது எண்டுதான் இருந்த ஆணியைத் தட்டி எடுத்தன். உண்மையைச் சொன்னால் எங்களை வீட்டை விட்டு எழுப்பிப்போடுவினம். அகதி முகாமிலை ஒரு அறைக்குள்ளை நாலு வருசம் கிடந்தது காணும்.

அவர் போனாப்பிறகு ஆணியைத் திருப்பி அடிக்கப் பாத்தன். அந்த ஆணி பிணைச்சிருந்த மரங்கள் இடம் விலகிக் கயித்தைக் கவ்விப் பிடிச்சிருக்கு. உருவ ஏலாது.

ஏணையை உம்மடை பச்சைச் சீலையிலை, நிலத்திலையிருந்து ஒரு சாண் உயரத்திலை கட்டினனான். இண்டைக்கு நாலு விரல்தான் இருக்கு. வெறும் ஏணை. கயிறு நீளேல்லை, முடிச்சு இளகேல்லை, சீலையும் கிழியேல்லை.

உம்மடை
பிள்ளையின்ரை அப்பா