நூலகத்தில் வைக்கப்பட்ட பட்டியல்

இயேசு மரி சூசை

தெல்லிப்பழை,
10.03.2023

அன்புத் தம்பி ஜஸ்ரினுக்கு,

இங்கே நானும் கனிசியஸ் அத்தானும் ஏதோ இருக்கிறோம். நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போன் எடுத்தால் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று நாலுதரம் சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

மயிலிட்டியில் எங்கள் அப்பா யாகப்பு விட்டுப்போன காணியைப் பற்றியது. முப்பத்துமூன்று வருசமாக அது ஆமிக்காரரின் முகாம் வேலிக்குள் கிடக்கிறது. போன மாதம் இருபத்தோராம் திகதி எங்கள் எம்.பி. பாராளுமன்றத்தில் இதைக் கேட்டார். சபைப் பேச்சுகளை அச்சிடும் ஹன்சாட்டின் பிரதி கிடைத்தது. கேள்வி தமிழில், பதில் சிங்களத்தில். சிங்களம் தெரிந்த எங்கள் ஊர் றொசாந்தி ரீச்சர்தான் வாசித்துச் சொன்னார். விடுவிக்காத காணிகளின் பட்டியலைச் சமர்ப்பிப்பதாக அமைச்சர் சொன்னாராம். பட்டியல் அச்சில் இல்லை. நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது என்று அடியில் ஒரு வரி மட்டும்.

நீ பதினெட்டு வருசமாக அந்தப் பாராளுமன்றக் கட்டடத்துக்குள்தானே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறாய்? ஒருக்கால் போய்ப் பார். எங்கள் காணிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் அறிவி. அத்தான் தோணிக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி, வேலிக்கு வெளியே நின்று எங்கள் கிணற்றடியைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

உன் அக்கா
லூர்த்தம்மா

----

கொழும்பு,
30.03.2023

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நூலகத்தில் தேடினேன். அந்தப் பட்டியல் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. வந்தவுடன் பார்த்து எழுதுகிறேன். எம்.பி.மாரின் கந்தோர்களுக்கு வீணாக அலையாதே, உனக்குப் பிரசரும் இருக்கிறது. சபை அமர்வு இருப்பதால் உயிர்த்த ஞாயிறுக்கு வர வசதிப்படாது. அத்தானைக் கேட்டதாகச் சொல்லு.

தம்பி
ஜஸ்ரின்

----

இயேசு மரி சூசை

தெல்லிப்பழை,
04.06.2023

அன்புத் தம்பிக்கு,

வந்தவுடன் எழுதுகிறேன் என்றாய். இரண்டு மாதமாகிவிட்டது. நூலகத்துக்கு ஒரு கடதாசி வர இவ்வளவு காலமா என்று அத்தான் கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோபிக்காதே. றொசாந்தி ரீச்சரின் உதவியோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பாராளுமன்றத்துக்கே விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பட்டியலையும், அது எந்தத் திகதியில் நூலகத்துக்கு வந்தது, யாருக்காவது பிரதி கொடுக்கப்பட்டதா என்பதையும் கேட்டேன். உன் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. உனக்குக் கரைச்சல் வரக்கூடாது.

அக்கா
லூர்த்தம்மா

----

தெல்லிப்பழை,
09.07.2023

ஜஸ்ரினுக்கு,

பதில் வந்துவிட்டது. தமிழில், ஒழுங்காக, சொன்ன தவணைக்குள், அடியில் ஒரு சிங்களப் பெயரோடு.

பட்டியல் பெப்ரவரி 22ஆம் திகதியே நூலகத்தில் இருந்திருக்கிறது. மார்ச் 20ஆம் திகதி ஒரேயொருவர் பிரதி எடுத்திருக்கிறார், தமிழ் மொழிபெயர்ப்புப் பிரிவு உத்தியோகத்தராம். அப்பாவின் காணிக்கு நேரே "உரிமைகோரிக்கை கிடைக்கவில்லை" என்றிருக்கிறது. உரிமைகோருவோர் மே 21க்கு முன் பிரதேச செயலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், தவறினால் காணி அரசுக்கு எடுக்கப்படும் என்று அடியில் போட்டிருக்கிறது. இன்றைக்குத் திகதி என்ன, தம்பி?

2017இல் உரிமைகோரும் படிவத்தை நிரப்பி, காணி உறுதிப்பத்திரத்தின் பிரதியும் வைத்து, பிரதேச செயலகத்தில் கொடுக்கச் சொல்லி உன் கையில்தான் தந்தேன். அரசாங்க உத்தியோகத்தன், உனக்கென்றால் மரியாதை கொடுத்து வாங்குவார்கள் என்று நான்தான் அத்தானைத் தடுத்தேன். "குடுத்திட்டன் அக்கா" என்றாய். நீ அதைக் கொடுத்தாயா, இல்லையா? எழுது.

லூர்த்தம்மா

----

கொழும்பு,
16.07.2023

என்ரை அக்காவுக்கு,

கொடுக்கவில்லை. அன்றைக்குப் பிரதேச செயலகக் கந்தோரில் சனம் நிறைந்திருந்தது. எனக்குக் கொழும்பு பஸ். அடுத்தமுறை வரும்போது கொடுக்கலாம் என்று பையில் வைத்தேன். நீ போனில் கேட்டபோது பொய் சொல்லிவிட்டேன். பிறகு அதைத் திருத்த வெட்கமாக இருந்தது. மார்ச்சில் பட்டியலைப் பார்த்து, பிரதி எடுத்து, மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். உனக்குச் சொன்னால் படிவத்தைப் பற்றிக் கேட்பாய் என்ற பயம்தான். காணியை எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அக்கா, எனக்கு இந்த வருசம் பதவியுயர்வு நேர்முகம் இருக்கிறது. இதை வாசித்தவுடன் கிழித்துவிடு. கோயில் திருநாளுக்கு வந்து உன் காலில் விழுகிறேன்.

உன் தம்பி
ஜஸ்ரின்

----

தெல்லிப்பழை,
02.08.2023

ஜஸ்ரினுக்கு,

படிவத்தைக் கொடுக்காததை மன்னித்திருப்பேன். மறதி ஆருக்கும் வரும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் மிச்சமிருக்க, "இன்னும் வரவில்லை" என்று எழுதினாயே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? முகம் தெரியாத ஒரு சிங்கள உத்தியோகத்தர் கேட்டவுடன் தந்தார். நீ என்னோடு ஒரு வயிற்றில் பிறந்தவன்.

தவணை பிந்தியதற்கு ஆதாரத்தோடு காரணம் காட்டினால் மேன்முறையீட்டைப் பார்க்கலாம் என்று பிரதேச செயலகத்தில் சொன்னார்கள். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேன்முறையீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பிரதிகள் எம்.பி.க்கும் போயிருக்கின்றன.

றொசாந்தி ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பியின்ரை உத்தியோகத்துக்கும் பிசகு வரும், யோசிச்சுக் குடுங்கோ" என்றார். ஒரு கிழமை யோசித்தேன். யோசித்துத்தான் கொடுத்தேன்.

திருநாளுக்கு வரவேண்டாம்.

இப்படிக்கு,
யாகப்புவின் மகள்
லூர்த்தம்மா